புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது

ஜூன் 8, திங்கள்

இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு மேடை முழுக்க வழிந்திருந்தது. துடைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் நேரமாகிவிட்டது. நல்லவேளை, நகர்மன்றக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை.

சிறு நகரங்களுக்கான தூய்மை விருதில் எங்கள் செம்மநத்தம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் ஆய்வுக் குழு நேரில் வரும். சேர்மன் கோவிந்தபாண்டி அண்ணன் இதைச் சொன்னதும் எல்லோரும் மேசையைத் தட்டினோம். வெறும் பேச்சுக்குத் தட்டவில்லை. ஊருணியில் மண்டியிருந்த ஆகாயத்தாமரையை இளைஞர்கள் ஞாயிறுதோறும் இறங்கி அள்ளியிருக்கிறார்கள். மகளிர் குழுவினர் காய்கறிக் கழிவில் உரம் போட்டு விற்கிறார்கள். என் ஒன்பதாவது வார்டில் குப்பைமேடாக இருந்த முக்குகளில் இப்போது கோலம் போடுகிறார்கள். கவுன்சிலராக வந்து இரண்டு வருடத்தில் இவ்வளவு நடக்கும் என்று நானே நினைக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சேர்மன் கூப்பிட்டார்.

"மரகதம்மா, உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும். 'நகராட்சிச் செய்தி'ன்னு அப்பப்ப ஒண்ணு எழுதுங்க. நோட்டீசாவும் அடிப்போம், குப்பை வண்டியிலயும் போடுவோம். உங்க குரல்லயே பேசிக் குடுத்துருங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெயிண்ட் கடைக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டே, "குப்பை வண்டியிலயா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜூன் 11, வியாழன்

முதல் செய்தி இன்று தெருவுக்கு வந்தது. "செம்மநத்தம் நகராட்சியின் அன்பான வேண்டுகோள். நம் ஊர், நம் பெருமை..." வாசலில் நின்று கேட்டேன். என் குரலா அது! கொஞ்சம் இளமையாகக்கூட இருந்தது. எதிர்வீட்டு டீச்சர் மாடியிலிருந்து கைகாட்டினார்.

மாலையில் பேருந்து நிலையம் பக்கம் போனேன். வாசலில் கொய்யா விற்கும் வெள்ளைத்தாய், "என்ன மெம்பரம்மா, காலையில இருந்து நீங்கதான் தெருத்தெருவா பேசிக்கிட்டு போறீக" என்றாள். ஒரு பழத்தை நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. தேர்தலின்போது பேருந்து நிலைய வியாபாரிகள் எல்லோரிடமும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுக் கேட்டவள் அவள்தான். அப்போது "அக்கா, அக்கா" என்று அவள் பின்னாலேயே அலைந்தேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஆய்வுக்கான ஏற்பாடுகள் பற்றி சேர்மன் அறையில் பேச்சு. கமிஷனர், பொறியாளர், நான், இன்னும் சில உறுப்பினர்கள்.

பணமே இல்லை. மாநில நிதி இன்னும் வரவில்லை. தெருவிளக்குக்கான மின்கட்டண பாக்கி ஒரு பக்கம், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் சம்பளம் ஒரு பக்கம். கமிஷனர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சேர்மன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பேருந்து நிலையத்தின் பெண்கள் கழிப்பறைக்கு வந்தார்கள். அடியில் தொட்டி உடைந்து, கழிவு வெளியே வழிகிறது. ஏலம் எடுத்தவர் போன மாதமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சரிசெய்யப் பெருந்தொகை வேண்டும். சரிசெய்யாமல் ஆய்வுக் குழு பார்த்தால், அந்த ஓர் இடத்துக்காகவே மதிப்பெண் சரிந்துவிடும்.

அப்போது ஒரு யோசனை வந்தது. பணி நடக்கும் கழிப்பறையை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே பூட்டி, 'புதுப்பிக்கும் பணி நடைபெறுகிறது' என்று பலகை வைத்துவிட்டு, முன்சுவரில் ஓவியம் தீட்டிவிடலாம். ஆய்வு முடிந்ததும் நிதி வந்துவிடும், பிறகு உண்மையாகவே செய்துவிடலாம். எல்லோருக்கும் நிம்மதி.

பெயிண்ட் நம் கடையிலிருந்து போகிறது. அடக்க விலைக்குத்தான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஜூன் 19, வெள்ளி

பள்ளிப் பிள்ளைகள் சுவரில் மயில் வரைந்தார்கள். மிக அழகு. இரண்டாவது செய்தியைப் பேசிக் கொடுத்தேன்: "பேருந்து நிலையப் பெண்கள் கழிப்பறை நவீன முறையில் புதுப்பிக்கப்படுகிறது. பொதுமக்கள் சிறிது காலம் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 24, புதன்

வெள்ளைத்தாயும் பூக்கடைப் பெண்களும் வழியில் மறித்தார்கள்.

"எத்தன நாளைக்கு மெம்பரம்மா பூட்டியிருக்கும்?"

"கொஞ்ச நாள்தான். வேலை நடக்குதுல்ல."

"வேல ஒண்ணும் நடக்கலயே. மயிலுதான் நிக்குது." பூக்காரி ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. "நாங்க காலையில அஞ்சு மணி பஸ்ஸுல வந்தா ராத்திரிதான் வீடு திரும்புறோம். எங்கிட்டுப் போறது, சொல்லுங்க."

"இரு வெள்ளைத்தாய், நான் சேர்மன்கிட்ட பேசுறேன்" என்றேன். அதுவரை ஆஸ்பத்திரியில் போய்வரலாமே என்றேன். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ஜூலை 2, வியாழன்

சேர்மனிடம் பேசினேன். ஆய்வு முடியட்டும் என்றார். நியாயம்தான்.

டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். வியாபாரப் பெண்கள் யாரும் குடிக்கவில்லை. "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சோம்" என்றார்கள். இத்தனை வெயிலில் வெள்ளைத்தாய் பக்கத்தில் வழக்கமாக இருக்கும் தண்ணீர்ப் பாட்டிலையும் காணோம்.

ஜூலை 9, வியாழன்

ஆய்வு முடிந்தது! குழுவில் இரண்டு ஆண்கள், ஒரு பெண் அதிகாரி. உரக்கிடங்கைப் பார்த்தார்கள், ஊருணியைப் பார்த்தார்கள், மகளிர் குழுத் தலைவியிடம் அரைமணி நேரம் பேசினார்கள். மயில் சுவர் முன்னால் எல்லோருமாகப் படம் எடுத்துக்கொண்டோம்.

அந்த அம்மா என் காதருகே வந்து, "இங்க ரெஸ்ட் ரூம் எங்கே போகலாம்?" என்று கேட்டார். காலையிலிருந்து வெயிலில் அலைந்திருக்கிறார், பாவம். இரண்டாவது தெருவில்தான் என் வீடு, கூட்டிக்கொண்டு போனேன். புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தேன், மோர் கொடுத்தேன். "வீட்டை ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், "இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று முணுமுணுத்தார்.

மதிப்பெண் நன்றாக வரும் என்று கமிஷனர் நம்புகிறார். களைப்பு. படுக்க வேண்டும்.

ஜூலை 10, வெள்ளி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

அதிகாரி அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வெள்ளைத்தாய் கூடையை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள். நாங்கள் இருவரும் என் வீட்டுக்குப் போனதையும் வந்ததையும் பார்த்திருக்கிறாள். குரலைத் தாழ்த்தி, "மெம்பரம்மா, நானும் ஒருதடவ உங்க வீட்டுக்கு வந்து போய்க்கிறட்டுமா? இன்னிக்கு முடியல" என்றாள்.

"வீட்ல தண்ணி இல்ல வெள்ளைத்தாய்" என்று சொன்னேன்.

தொட்டி நிறைந்துதான் இருந்தது. காலையில் நானே மோட்டார் போட்டு, வழியும்வரை நின்று பார்த்து அணைத்தேன்.

அவள், "சரிம்மா" என்றாள். சற்று முன்புதான் ஒருவர் போய் வந்த வீட்டில் எப்படித் தண்ணீர் இல்லாமல் போகும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

ஜூலை 13, திங்கள்

அவருக்குச் சட்டை தைக்கக் கொடுத்தது வந்தது. கை நீளம். திருப்பிக் கொடுத்தேன். பேருந்து நிலையம் வழியாகப் போகாமல் பள்ளிவாசல் தெரு வழியாகப் போனேன். அதுவும் ஒரு வழிதானே.

ஜூலை 18, சனி

சாயங்காலம் நல்ல மழை. ஆட்டோ நிறுத்தத்திலிருந்து போன் வந்தது. கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகாலில் வெள்ளைத்தாய் விழுந்துவிட்டாளாம். மழை ஓயும்வரை யாரும் பார்க்கவில்லை. கூடை மட்டும் வெகுநேரம் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பூக்காரி தேடிப்போயிருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கும் என்கிறார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. வடிகால் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அங்கே எதற்குப் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 19, ஞாயிறு

காலையிலேயே சேர்மன் போன் செய்தார்.

"மரகதம்மா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா முடிவு அறிவிக்கப் போற நேரம். பூட்டின கழிப்பறைக்குப் பின்னால பொம்பள ஒருத்தி விழுந்தான்னு பேப்பர்ல வந்தா என்ன ஆகும்? நம்ம ஊரு பசங்க ஊருணியில இறங்கி வேலை பாத்ததெல்லாம் வீணாப் போயிரும். நீங்க ஒருதடவ போய் அந்தக் குடும்பத்துல பேசிட்டு வாங்க. உங்கமேல அவங்களுக்கு மரியாதை இருக்கு."

இளைஞர்களைச் சொன்னது சரிதான். அதனால்தான் மறுக்க முடியவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. மறுக்க நான் முயலவே இல்லை.

யோசனை யார் சொன்னது என்று ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'ஒரு யோசனை வந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன். அது எங்கிருந்தும் வரவில்லை. நான்தான் சொன்னேன். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதையும் நானே சொன்னேன். "படிச்சவங்கன்னா படிச்சவங்கதான்" என்று பொறியாளர் பாராட்டினார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிப் போனேன். பழம் விற்கிறவளுக்குப் பழம். வேறென்ன வாங்குவது என்று தெரியவில்லை.

பெண்கள் பிரிவில் கடைசிக் கட்டில். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் சொல்லியிருக்கிறார்களாம். மகள் மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது.

வெள்ளைத்தாய் என்னைப் பார்த்ததும் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாரி, அம்மாவுக்கு டீ வாங்கிட்டு வா" என்று மகளை வெளியே அனுப்பினாள். வழிநெடுக நான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளை ஆரம்பிப்பதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெம்பரம்மா, ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன். நா எங்கன விழுந்தேன்னு யார்ட்டயும் சொல்லிறாதீக."

எனக்குப் புரியவில்லை. "ஏன் வெள்ளைத்தாய்?"

"ஆட்டோ பயலுகதான் எறங்கித் தூக்குனாக. எல்லாம் எம்மக வயசுப் பயலுக. நா எந்தக் கோலத்துல கெடந்தேன்னு..." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "மாப்பிள்ள வீட்டுல பஸ்ஸுல இருந்து எறங்கயில வழுக்கிருச்சுன்னு சொல்லியிருக்கேன். எம்மகளுக்கே அப்படித்தான் தெரியும். போலீசு, கேசுன்னு யாராவது வந்தா நீங்கதேன் தடுக்கணும். நாலு பேரு வாயில அது விழுந்துச்சுன்னா நா உசுரோட இருக்க மாட்டேன்."

"யாரும் வரமாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கேட்க வந்ததை அவள் என்னிடம் வரமாகக் கேட்டாள். நான் கொடுத்தேன். கொடுத்தபோது முதலில் மனதில் வந்தது வருத்தமில்லை. அப்பாடா என்ற நிம்மதி. அதை இங்கே எழுதாவிட்டால் இந்த நோட்டை வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

பேருந்தில் திரும்பும்போது சேர்மன் போன் செய்தார். "என்னம்மா, பேசிட்டீங்களா?"

"புகார் எதுவும் குடுக்க மாட்டாங்கண்ணே."

"கெட்டிக்காரம்மா நீங்க."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டேன். நான் பேசிச் சரிக்கட்டியதாக அவர் நினைத்துக்கொண்டார். அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 22, புதன்

காலையில் குப்பை வண்டி வந்தது. ஒலிபெருக்கியில் நான் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு போனேன். சமையலறை ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 30, வியாழன்

நமக்கு இரண்டாம் பரிசு. ஊரெங்கும் வெடி.

ஆகஸ்ட் 15, சனி

சுதந்திர தின விழாவில் பரிசு வாங்கினோம். சேர்மனுக்குக் கேடயம், எங்களுக்குச் சால்வை. ஊருணி இளைஞர்களையும் மகளிர் குழுவையும் மேடைக்குக் கூப்பிட்டபோது கண் கலங்கிவிட்டது. அவர்கள் அந்தக் கைதட்டலுக்கு முழுக்க உரியவர்கள். அவர்களுக்கு நடுவே நின்று நானும் படத்தில் இருக்கிறேன். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகையில் மயில்.

மாரிக்கனிக்குப் போன் செய்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். "அம்மா நடக்குறாங்களா?" என்றேன். "வாக்கர் புடிச்சு நாலு எட்டு வைக்குதுக்கா. ஆனா ரொம்பப் பேச மாட்டேங்குது" என்றாள்.

ஆகஸ்ட் 26, புதன்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானத்தை நான் வாசிக்க வேண்டும். பரிசுப் பணத்தில் ஊர் நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டப் போகிறார்கள். வளைவில் பொறிப்பதற்கு ஒரு வாசகமும் கேட்டிருக்கிறார் சேர்மன். இரண்டு நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு வரி வரவில்லை. ரசத்துக்கு இரண்டு முறை உப்பு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

எழுதியே ஆக வேண்டிய நாள்.

தீர்மானத்தின் முதல் பாதியை வாசித்தேன். இளைஞர்கள், மகளிர் குழுக்கள், தூய்மைப் பணியாளர்கள். அதுவரை குரல் சரியாகத்தான் இருந்தது. அதன்பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"பேருந்து நிலையக் கழிப்பறையைப் பூட்டிவச்சது என் யோசனை" என்றேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "நல்ல யோசனைதானம்மா, அதனாலதான ஜெயிச்சோம்!" என்றார். சிரிப்பு. சிலர் மேசையைத் தட்டவே செய்தார்கள். சேர்மனும் சிரித்தார். நான் குற்றத்தை ஒப்புக்கொள்வதாக நினைத்துச் சொன்னேன்; அவர்களுக்கு அது பெருமை பேசுவதாகக் கேட்டிருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிடத்தான் கால் சொன்னது.

வெள்ளைத்தாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் விழுந்ததைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. அப்படியானால் சொல்வதற்கு என்னைப் பற்றி மட்டும்தான் இருந்தது.

"ஆய்வுக்கு வந்த அதிகாரியை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவங்க போனதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டுல யாவாரம் பண்ற ஒரு பெண்ணு, அவசரம்னு என் வீட்டுக்கு வரலாமான்னு கேட்டாங்க. தண்ணி இல்லன்னு பொய் சொன்னேன். தொட்டி நெறைய தண்ணி இருந்துச்சு. எனக்காக ஓட்டுக் கேட்டவங்க. ஓட்டு வாங்கிக் குடுத்தவங்க."

யாரும் மேசையைத் தட்டவில்லை. சேர்மன், "மரகதம்மா, அது உங்க வீட்டு விஷயம். இங்க எதுக்கு?" என்றார்.

"இல்லண்ணே. மன்றம் பூட்டுச்சு, அதனாலதான் என் வீட்டு வாசல்ல வந்து கேட்டாங்க."

அப்போது நான்காவது வார்டு ஜுலைகா பீவி எழுந்தார். மன்றத்தில் அதிகம் பேசாதவர். "நானும் சொல்லிர்றேன். இந்த மூணு மாசமா பஸ் ஏறணும்னா காலையில இருந்தே நான் தண்ணி குடிக்கிறதில்ல. எனக்காவது ரெண்டு மணி நேரம். நாள் பூரா அங்க உக்காந்திருக்கவங்க என்ன செய்வாங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. இவங்க பொய்யாச்சும் சொல்லியிருக்காங்க. நாங்கள்லாம் கேக்காத மாதிரி போனோம். வளைவு வேணாம், சேர்மன். அந்தக் காசுல கழிப்பறையைக் கட்டுங்க."

மற்றப் பெண் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாக்கெடுப்பு வரை போகவில்லை. "சரி, சரி, வளைவு அடுத்த வருசம்" என்று சேர்மன் எழுதச் சொல்லிவிட்டார். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவு சாப்பாட்டில் என் வீட்டுக்காரரும் பார்க்கவில்லை. செய்தி கடைக்குப் போயிருக்கிறது. "இனிமே நகராட்சி வேலை நமக்கு வராது, தெரிஞ்சுக்க" என்றார். நமக்கு வந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் வாயால் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, திங்கள்

வேலை தொடங்கிவிட்டது. தொட்டியைத் தோண்டுகிறார்கள். மேற்பார்வையை என்னிடம் விட்டிருக்கிறார் சேர்மன், தண்டனையாகத்தான் இருக்கும். தினமும் இரண்டு முறை போய் நிற்கிறேன். வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். டைல்ஸ் இளநீலம், நான் தேர்ந்தெடுத்தது. பின்பக்க வடிகாலுக்கு மூடியும் போடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளைத்தாயைப் பார்க்க அவள் ஊருக்குப் போக நினைத்தேன். போகவில்லை. திறந்த பிறகு போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கையில் ஏதாவது இல்லாமல் அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அக்டோபர் 12, திங்கள்

திறந்துவிட்டோம். பூக்காரிதான் ரிப்பன் வெட்டினாள். உள்ளே தண்ணீர் தாராளமாக வருகிறது, கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பார்த்துக்கொள்ள சங்கம்மாள் என்ற பெண்ணை நியமித்திருக்கிறோம். பெண்கள் வரிசையில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நானும் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 21, புதன்

இன்று வெள்ளைத்தாய் வந்துவிட்டாள்.

கேள்விப்பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், ஆனால் தரையில் இல்லை; பூக்காரி கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில். பாதியாக இளைத்திருந்தாள். ஊன்றுகோல் மடியில் கிடந்தது. "வாங்க மெம்பரம்மா" என்றாள். எப்போதும்போலத்தான் சொன்னாள்.

"கழிப்பறை கட்டியாச்சுக்கா, பாத்தீங்களா?" என்றேன். என் குரலில் இருந்த ஆவலை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"பாத்தேன், பாத்தேன். நல்லாப் பளபளன்னு கட்டியிருக்கீக. போயிட்டுத்தேன் வந்தேன்."

"தண்ணியெல்லாம் வருதா?"

"எல்லாம் வருது." கொய்யாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எனக்குத்தேன் குத்தவச்சு உக்கார முடியல. இடுப்பு மடங்க மாட்டேங்குது. ஆசுபத்திரியில நாக்காலி மாதிரி ஒண்ணு வச்சிருந்தாக, அதுல உக்காந்து பழகிருச்சு. இங்கன எல்லாமே தரையோட இருக்குது. சங்கம்மா கையப் புடிச்சுப் பாத்துச்சு, முடியல. வந்துட்டேன்."

அந்த இடத்தில் நின்றே பொறியாளருக்குப் போன் செய்தேன். "உட்கார்ற மாதிரி ஒண்ணாவது வச்சிருக்கணும்ல சார்?" என்றேன். "பிளான்ல இல்லைங்களேம்மா. நீங்கதான பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க. அடுத்த நிதி வரட்டும், பாப்போம்" என்றார்.

வரைபடத்தை நான் பார்த்தது உண்மை. டைல்ஸ் நிறத்துக்காகப் பார்த்தேன். யாருக்காக இத்தனையும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவள் இடுப்பை ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

"அக்கா, என் வீட்டுக்கு வாங்க. அங்க உக்கார்ற மாதிரிதான் இருக்கு" என்றேன். "இப்பவே போவோம். எப்ப வேணும்னாலும் வாங்க."

வெள்ளைத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். சின்னப் பிள்ளை தன் பங்குத் தின்பண்டத்தைத் தாமதமாக நீட்டினால் பெரியவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

"வேணாம்மா. ஒங்க வீட்டுல தண்ணிக்குச் செரமம். நா இப்பல்லாம் மத்தியானத்தோட கெளம்பிர்றதா முடிவு பண்ணியிருக்கேன். ஒரு மணி பஸ்ஸுல போனா வீட்டுல போய்ப் பாத்துக்குவேன். அரை நாள் யாவாரம் போதும்."

குத்திக்காட்டினாளா, உண்மையாகவே நம்பினாளா? அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஒரு மணி பேருந்து வந்துவிட்டது. கூடையில் பாதிக்குமேல் பழம் இருந்தது. ஊன்றுகோலோடு அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. பூக்காரி சாப்பிடப் போயிருந்தாள். வெள்ளைத்தாய் கூடையையும் பேருந்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வச்சுட்டுப் போங்கக்கா. நான் வித்துக் குடுக்குறேன்."

"நீங்களா?" முதல்முறையாகச் சிரித்தாள். "விக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"ஓட்டுக் கேட்கத் தெரிஞ்சுச்சுல்ல."

"அது நா கேட்டது" என்றாள். நடத்துநர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குனிந்து, "பழுத்தத முன்னால வைங்க. மொளகாப்பொடி சாக்குக்கு அடியில இருக்கு" என்றாள். பேருந்து போய்விட்டது.

நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு டீச்சர் பேருந்துக்கு வந்தவர், பார்த்தும் பார்க்காததுபோல் தூணுக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் வந்து, "என்ன மெம்பரம்மா, போராட்டமா?" என்றார். "இல்ல தம்பி, பழம். வாங்கிக்க" என்றேன். இரண்டு வாங்கினார். கூவத் தெரியவில்லை எனக்கு. ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசிய தொண்டையிலிருந்து "கொய்யா" என்ற ஒரு சொல் வெளியே வர வெகுநேரமாயிற்று.

வெயில் முகத்தில் அடித்தது. தாகமெடுத்தது, பூக்காரி கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். நான்கு மணி வாக்கில் போகவேண்டும்போல் இருந்தது. வீடு இரண்டாவது தெருவில்தான், ஆனால் கூடையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்று அப்போது தெரிந்துகொண்டேன். பூக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். சங்கம்மாள் எழுந்து நின்று, உங்களிடம் போய்க் காசு வாங்குவேனா என்றாள். கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

இளநீல டைல்ஸ், ஈரமில்லாத தரை. தாழ்ப்பாளைப் போட்டேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்தேன்.